முதல் ஸ்கூபா பயிற்சிக்கு எந்த நீர்: பழைய கல்குவாரியா, கடலா, ஆழ்குளமா?

காற்றுச் சிலிண்டரைச் சுமந்து நீருக்கடியில் நீந்தும் ஸ்கூபா டைவிங்கைக் கற்க விரும்புகிறவர்கள் எந்த அமைப்பின் சான்றிதழைப் பெறுவது, எந்தக் கருவியை வாங்குவது என்பவற்றை நாள்கணக்கில் ஆராய்கிறார்கள். எந்த நீரில் கற்பது என்ற கேள்வியை மட்டும் பயிற்சி மையத்தின் வசதிக்கு விட்டுவிடுகிறார்கள். முதல் இரண்டு கேள்விகளுக்கும் எந்த விடையைத் தேர்ந்தாலும் பெரிய வேறுபாடு வந்துவிடாது. தொடக்கநிலைப் பாடத்திட்டம் முதன்மையான அமைப்புகள் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான்: நீச்சல் குளத்தில் அடிப்படைத் திறன்கள், பிறகு திறந்த நீரில் பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்து டைவ்கள், முடிவில் துணையுடன் 18 அல்லது 20 மீட்டர் வரை இறங்கும் தகுதி. அந்தத் திறந்த நீர் டைவ்களையும், அவற்றுக்குப் பின் வரும் முதல் ஓராண்டுப் பழக்கத்தையும் எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் ஒருவர் எப்படிப்பட்ட டைவராக உருவாகிறார் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. நீர் நிரம்பிய பழைய கல்குவாரி, கடல், டைவிங்குக்கென்றே கட்டப்பட்ட ஆழ்குளம் ஆகிய மூன்றும் இங்கே ஒப்பிடப்படுகின்றன. குவாரிக்கே அதிக இடம் தந்திருக்கிறேன், ஏனெனில் மூன்றில் மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது அதுதான்.

கல் எடுப்பதற்காகத் தோண்டப்படும் பள்ளம் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனதும், இரவும் பகலும் பம்புகள் ஓடினால்தான் அதில் வேலை செய்ய முடியும். வேலை நின்று பம்புகளும் நிறுத்தப்படும்போது, பாறை இடுக்குகளின் வழியே வரும் நீரும் மழையும் சேர்ந்து சில ஆண்டுகளில் அதை ஏரியாக்கிவிடுகின்றன. ஆறோ ஓடையோ வந்து கலக்காத இடமானால் வண்டலும் சத்துப்பொருள்களும் குறைவாகவே இருக்கும். ஆகவே நீர் தெளிந்து நிற்கும். இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் உள்ள ஸ்டோனி கோவ் என்னும் கிரானைட் குவாரி 1958-இல் வேலை நின்று இப்படி நிரம்பியது. வட கடல் எண்ணெய்த் தொழிலுக்கான டைவர்களுக்கும் பின்னர் அங்கே பயிற்சி தரப்பட்டது. கல் வெட்டியவர்கள் விட்டுச்சென்ற படிகள் ஏறத்தாழ 6, 20, 35 மீட்டர் ஆழங்களில் தட்டுகளாக நிற்பதால், பயிற்சிக்கென்றே யாரோ திட்டமிட்டுக் கட்டியதுபோல் அந்த இடம் அமைந்துவிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டச் ஸ்பிரிங்ஸ் என்று நெடுங்காலம் அறியப்பட்ட குவாரி, சிமென்ட் தொழிலுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்கப்பட்ட பள்ளம். அதன் ஆழம் ஏறத்தாழ 30 மீட்டர்.

குவாரியைப் பற்றி இரண்டு எதிரெதிர்க் கருத்துகள் உலவுகின்றன. அலையும் நீரோட்டமும் இல்லாததால் அது எளிது என்பது ஒன்று. குளிர்ந்தும் இருண்டும் கிடப்பதால் தொடக்கநிலையினருக்கு அது ஏற்றதல்ல என்பது மற்றொன்று. இரண்டும் பாதி உண்மை. குவாரி கடினமானதுதான், ஆனால் அதன் கடினங்கள் முன்கூட்டியே தெரிந்தவை. ஆழம் எவ்வளவு, எந்த இடத்தில் குளிர் தொடங்கும், ஏறும் படி எங்கே இருக்கிறது என்பவை காலையில் எப்படியோ மாலையிலும் அப்படியே. கடலின் கடினங்கள் ஒரு மணி நேரத்துக்குள் மாறக்கூடியவை. அவற்றைக் கணிக்கும் அறிவு அனுபவத்தால் மட்டுமே வருவது. கைகளின் வேலையே இன்னும் பழக்கத்துக்கு வராத ஒருவருக்கு, மாறாத கடினத்தோடு பழகுவது மாறும் எளிமையோடு பழகுவதைவிடப் பயன் தரும் என்பதே என் கருத்து. இதற்கு விலக்குகளும் உண்டு. அவை கீழே வருகின்றன.

முதலில் குளிர். நன்னீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கிறது. ஆகவே மிதவெப்ப நாடுகளின் ஆழமான குவாரிகளில் அந்தக் குளிர்நீர் அடியில் தங்கிவிட, கோடையில் மேற்பரப்பு 20 டிகிரியை எட்டும்போதும் அடிப்பகுதி 5, 6 டிகிரியிலேயே இருக்கக்கூடும். இரண்டுக்கும் இடையில் தெர்மோகிளைன் எனப்படும் மெல்லிய அடுக்கு இருக்கும். அதைக் கடக்கும்போது கானல்போல் நீர் நெளிவதைக் கண் பார்க்கும். அடுத்த நொடியில் குளிர் முகத்தில் அறையும். வெப்பமண்டலக் குவாரிகளில் இந்த வேறுபாடு மிகக் குறைவு. அங்கே பாசி பெருகி நீர் பச்சையாவதே பெரிய தொல்லை.

குளிர் என்பது வெறும் அசௌகரியமாக நின்றுவிடுவதில்லை. தடித்த கையுறைக்குள் விரல் மரத்துப்போனால் கொக்கியைத் திறப்பதற்கே இரு மடங்கு நேரமாகும். மாஸ்க்கைக் கழற்றி மாட்டும் பயிற்சியில் குளிர்நீர் முகத்தில் பட்டதும் மூச்சு தன்னிச்சையாக விம்மும். பதற்றமும் குளிரும் சேர்ந்து காற்றின் செலவைக் கூட்டும். கருவிக்கும் குளிர் பகைதான். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் (ஒரு பார் ஏறத்தாழ கடல்மட்டக் காற்றழுத்தம்) அடைபட்ட காற்று, அதை மூச்சுக்கேற்ற அழுத்தத்துக்குக் குறைத்துத் தரும் கருவியான ரெகுலேட்டரின் முதல் நிலையில், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிடச் சுமார் 10 பார் மட்டும் கூடுதலான நிலைக்கு இறங்கும்போது வேகமாகக் குளிர்கிறது. நீர் ஏற்கெனவே உறைநிலைக்கு அருகில் இருந்தால் உள்ளே பனி பிடித்து வால்வு திறந்தபடியே சிக்கிக்கொள்ளும். காற்று கட்டுப்பாடின்றிக் கொட்டி, சில நிமிடங்களில் சிலிண்டர் காலியாகிவிடும். ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 250, 10 டிகிரிக்குக் கீழே பயன்படுத்தத் தகாத ரெகுலேட்டர்களில் அதைக் குறிப்பிட வேண்டும் என்கிறது. வாடகைக் கருவியில் அந்தக் குறியீட்டைப் பார்க்கத் தெரிந்திருப்பது குவாரியில் கற்பவருக்கு முதல் பாடம். வெதுவெதுப்பான கடலில் கற்றவர் பலர் அப்படியொன்று இருப்பதையே அறிவதில்லை.

இரண்டாவது, மிதப்பு. கற்பவர்கள் அதிகம் தடுமாறுவதும், சரியாக அமைந்துவிட்டால் மற்றவை எல்லாம் எளிதாவதும் இதில்தான். கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 விழுக்காடு அடர்த்தி கூடியது. கருவிகளோடு சேர்த்து 100 லிட்டர் நீரை விலக்கும் ஒருவருக்குக் கடல் தரும் மேலுந்தல் சுமார் இரண்டரை கிலோ அதிகம் என்பதால், அதே உடையோடு குவாரியில் இறங்கும்போது, மூழ்குவதற்காக உடலில் கட்டிக்கொள்ளும் ஈய எடையில் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் குவாரியில் அதே உடை போதாது. கடலில் 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள வெட்சூட் என்னும் ரப்பர் நுரை உடை போதுமான இடத்தில் இங்கே 7 மில்லிமீட்டர் அணிய வேண்டியிருக்கும். அந்த ரப்பர் நுரைக்குள் உள்ள வாயுக்குமிழிகள் மேற்பரப்பில் நன்றாக மிதக்க வைக்கும். 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பானதும் சுருங்கி அந்த மிதப்பின் பெரும் பங்கை இழந்துவிடும். மேலே மூழ்குவதற்காகக் கட்டிய ஈயம் கீழே சுமையாகும். அதை ஈடுகட்ட மிதப்புச் சட்டையில் காற்றைச் சேர்க்க வேண்டும். ஏறும்போது அந்தக் காற்று விரியுமுன்னே வெளியேற்றவும் வேண்டும். மெல்லிய உடையோடு 28 டிகிரிக் கடலில் இறங்குபவருக்கு இந்தக் கணக்கு மிகச் சிறியது. குவாரியில் அதை ஒவ்வொரு டைவிலும் போட்டாக வேண்டும்.

உடலுக்கும் உடைக்கும் நடுவே காற்றை வைத்திருக்கும் டிரைசூட் அணிந்தால் குளிர் குறையும், ஆனால் கவனிக்க வேண்டிய காற்றறை இன்னொன்று சேரும். காற்று கால்பக்கம் ஓடித் தலைகீழாகிவிட்டால் நிமிரத் தெரிய வேண்டும். அதற்குத் தனிப் பயிற்சி உண்டு. முதல் படிப்பிலேயே இதையும் சேர்ப்பது சிலருக்குப் பளுவாகிவிடுகிறது. குளிரைத் தாங்க முடியாதவர்கள், கோடைக்காலத்தில், தெர்மோகிளைனுக்கு மேலே உள்ள தட்டில் பயிற்சியை முடித்துவிட்டு, ஆழத்தை அடுத்த கட்டத்துக்கு ஒத்திவைப்பதே அறிவுடைமை என்பேன்.

மூன்றாவது, அடியில் படிந்திருக்கும் கல்மாவு. மாவைப்போல் நுண்ணிய இந்தத் துகளை, கால்களை மேலும் கீழுமாக அடிக்கும் ஒருவர் ஒரே நிமிடத்தில் கிளப்பிவிடலாம். பத்து மீட்டர் தெரிந்த இடத்தில் கைநீளம்கூடத் தெரியாமல் போகும். அதை அடித்துச்செல்ல நீரோட்டம் இல்லாததால் அது மீண்டும் படிய மணிக்கணக்காகும். வகுப்புகள் குவியும் வார இறுதிப் பிற்பகலில் பயிற்சி மேடைகளைச் சுற்றி இந்த நிலைதான். ஆனால் இதுவே நல்ல ஆசிரியர் என்றும் சொல்ல வேண்டும். மணலும் பவளமும் உள்ள கடலில் ஒருவர் எத்தனை அலங்கோலமாகக் காலடித்தாலும் தடயம் உடனே மறைந்துவிடும். குவாரியிலோ திரும்பிப் பார்த்தால் தவறு புகைபோலப் பின்னால் நிற்கும். முழங்காலை மடித்துத் தவளையைப்போல் பக்கவாட்டில் நீரைத் தள்ளும் உதைப்பை, குவாரியில் வளர்ந்த டைவர்கள் விரைவாகப் பழகிக்கொள்வதற்குக் காரணம் இதுதான். திசைகாட்டியைப் பார்த்து நீந்துவதும் இப்படியே: கடலில் அது தேர்வுக்காகச் செய்யும் ஒரு பயிற்சி, இங்கே படிக்குத் திரும்பும் வழி.

ஆழத்தைப் பொறுத்தவரை குவாரிக்கு ஒரு வஞ்சகம் உண்டு. வெட்டுச்சுவர்கள் செங்குத்தானவை. 6 மீட்டர்த் தட்டின் விளிம்பைத் தாண்டி, ஈயம் கூடுதலாகக் கட்டிய ஒருவர் கவனம் தவறினால், கண்ணுக்குப் பிடிப்பான அடையாளம் எதுவும் இல்லாமல் 20 மீட்டருக்கு இறங்கிவிட முடியும். 200 பார் நிரப்பிய 12 லிட்டர் சிலிண்டரில் 2,400 லிட்டர் காற்று இருக்கிறது. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் செலவழிக்கும் ஒருவர், அழுத்தம் மும்மடங்காகும் 20 மீட்டரில் 60 லிட்டர் செலவழிப்பார். 50 பார் காற்றைக் கையிருப்பாக ஒதுக்கினால் அவருக்கு எஞ்சுவது 30 நிமிடம். குளிரிலும் அச்சத்திலும் மூச்சு வேகமாகிவிட்டால் அதுவும் குறையும். இதனால், பயிற்றுநர் மாணவர்களை விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்துக்கொள்கிறார் என்பதைக் கவனித்தாலே அந்த மையத்தின் தரம் ஓரளவு தெரிந்துவிடும்.

இனிக் கடல். குவாரி எந்தக் காலத்திலும் கற்றுத்தர முடியாதவை கடலில் இருக்கின்றன: நீரோட்டத்தை எதிர்த்துத் தொடங்கி அதனோடு திரும்புவது, கடல்நீரின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே நீரோட்டம் அடங்கும் இடைவேளையைக் கணக்கிடுவது, ஆடும் படகின் ஏணியைப் பிடித்து ஏறுவது, அலையுடையும் கரையில் காலில் மாட்டிய துடுப்போடு (ஃபின்) நுழைவது, மேலே வந்ததும் படகுக்குத் தன் இருப்பிடத்தைக் காட்ட அடையாள மிதவையை நீருக்கடியிலிருந்தே விடுவது. குவாரியில் எங்கே மேலே வந்தாலும் கரை கண்ணுக்குத் தெரியும். கடலில் அப்படி இல்லை என்பதை மனம் ஏற்றுக்கொள்ளவே சில டைவ்கள் தேவை. உயிரினங்களின் வளத்தில் இரண்டுக்கும் ஒப்பீடே கிடையாது. குவாரியில் மீன்களும் நன்னீர் நண்டுகளும் உண்டு. கோடையின் பிற்பகுதியில் சில இடங்களில் நாணய அளவுள்ள நன்னீர் ஜெல்லிமீன்கள் ஒரே நாளில் கூட்டமாகத் தோன்றிச் சில வாரங்களில் மறைந்தும்போகும், அதைப் பார்ப்பது தனி இன்பம்தான். என்றாலும் ஒரு பவளத்திட்டின் பத்து சதுர மீட்டர் தருவதை முழுக் குவாரியும் தராது. இந்தக் குறையை மறைக்கத்தான் நிர்வாகிகள் பழைய பேருந்துகளையும் விமானங்களையும் உள்ளே இறக்குகிறார்கள். ஸ்டோனி கோவில் 2000-இல் மூழ்கடிக்கப்பட்ட ஸ்டேன்கார்த் என்ற இழுவைப் படகு, கப்பற்சிதைவுகளை அணுகப் பழகுவதற்கு உண்மையிலேயே பயன்படுகிறது. மற்றவை பெரும்பாலும் ஒளிப்படத்துக்கானவை.

கடலில் கற்பது பெரும்பாலும் விடுமுறைப் பயணத்தோடு சேர்ந்தே வருகிறது, அதன் சிக்கல் நாள்காட்டியில் இருக்கிறது. மூன்று நான்கு நாட்களுக்குள் பாடத்தை முடித்தாக வேண்டும்; பல டைவ்கள் செய்தவர் விமானம் ஏறுவதற்குமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அறிவுரை; நடுவில் ஒரு நாள் கடல் கொந்தளித்தால் மிச்ச நாட்களில் அவசரம் புகும். மாஸ்க்கில் நீர் புகுந்தாலே மிரளும் ஒருவருக்கு அந்த அவசரம் நஞ்சு. குவாரி அருகில் இருந்தால் இந்த வாரம் வராத திறனை அடுத்த வாரம் மீண்டும் முயலலாம். சில நாள் இடைவெளிவிட்டுத் திரும்பத் திரும்பச் செய்த திறனே கையில் நிற்கிறது.

ஆழ்குளத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பெல்ஜியத்தின் நெமோ 33 குளம் 2004-இலும், இத்தாலியின் 42 மீட்டர் ஆழமுள்ள ஒய்-40 குளம் 2014-இலும், போலந்தின் 45 மீட்டர் ஆழமுள்ள டீப்ஸ்பாட் 2020-இலும், துபாயின் 60 மீட்டர் ஆழமுள்ள டீப் டைவ் துபாய் 2021-இலும் திறக்கப்பட்டன. வெதுவெதுப்பான, கண்ணாடிபோல் தெளிந்த நீர். காது அழுத்தத்தைச் சமன்செய்யத் திணறுகிறவர்களுக்கும், ஆழம் என்ற எண்ணமே அச்சம் தருகிறவர்களுக்கும், மிதப்பை மட்டும் தனியே செம்மைப்படுத்த விரும்புகிறவர்களுக்கும் இவை மிக நல்ல இடங்கள். ஆனால் இங்கே வேறெந்தத் தொல்லையும் இல்லாததால் வேறெந்தத் தயாரிப்பும் கிடைப்பதில்லை. குவாரிக்கோ கடலுக்கோ முன்னதாக ஒரு நாள் செலவழிக்கலாம். அவற்றுக்கு மாற்றாக அல்ல.

நான்காவதாக ஒரு வழியைச் சிலர் சேர்த்துக்கொள்வார்கள்: யாரும் நடத்தாத, அருகில் சும்மா கிடக்கும் குவாரி. அது தேர்வுப் பட்டியலிலேயே வரக்கூடாது. டைவிங் மையமாக நடத்தப்படும் குவாரியில் அறுந்த கம்பிகளும் இரும்புக் கழிவுகளும் அகற்றப்பட்டிருக்கும், படிகளும் மேடைகளும் கட்டப்பட்டிருக்கும், ஆக்சிஜன் கையருகே இருக்கும், யார் இறங்கினார் யார் ஏறினார் என்ற பதிவும் இருக்கும். கைவிடப்பட்டதில் இவை எதுவும் இராது. செங்குத்துச் சுவர் சூழ, ஏறும் இடம் ஒன்றேகூட இல்லாமல் போகலாம். நீர் தெளிவாகவும் நீலமாகவும் இருப்பது அது நல்ல நீர் என்பதற்குச் சான்று ஆகாது. இங்கிலாந்தின் பக்ஸ்டன் அருகே ஹார்ப்பர் ஹில் குவாரியில், சுண்ணாம்புச் சூளைக் கழிவால் நீரின் காரத்தன்மை அம்மோனியாவுக்கு நெருக்கமாக, பி.எச். அளவில் 11.3 வரை இருந்தது. அதன் நீல நிறத்தில் மயங்கி மக்கள் எச்சரிக்கைப் பலகைகளையும் மீறி நீந்தியதால், 2013-இல் அந்த நீரில் கருஞ்சாயமே கலக்கப்பட்டது. உலோகத் தாது வெட்டிய பள்ளங்கள் இன்னும் மோசம். அமெரிக்காவின் மொன்டானாவில் உள்ள பெர்க்லி பிட் என்னும் செப்புச் சுரங்கப் பள்ளத்தில் 1982-இல் பம்புகள் நிறுத்தப்பட்டு, கந்தகத் தாதுக்களால் அமிலமான நீர் தேங்கியது. 1995-இல் அதில் வந்திறங்கிய நூற்றுக்கணக்கான பனி வாத்துகள் மடிந்தன. சுண்ணாம்புக்கல்லும் கிரானைட்டும் பொதுவாக இத்தகைய நீரைத் தருவதில்லை என்றாலும், சோதித்தவர் சொல்லாமல் நீருக்குள் இறங்குவது பேதைமை.

இனி முடிவுக்கு வருவோம். ஆண்டில் ஒரு முறை, வெப்பமண்டலக் கடலில், வழிகாட்டியுடன் மட்டுமே டைவ் செய்யப்போகிறவர் குளிர்ந்த குவாரியில் துன்பப்படத் தேவையில்லை. உள்ளூர்க் குளத்தில் திறன்களை நிதானமாக முடித்துவிட்டு, திறந்த நீர் டைவ்களைப் போகுமிடத்தில் செய்யலாம். ஓரிடத்தில் தொடங்கி மற்றோரிடத்தில் முடிக்க இடமளிக்கும் பரிந்துரை முறை பல அமைப்புகளில் இருக்கிறது. கடற்கரையிலேயே வாழ்கிறவர் கடலிலேயே கற்பதுதான் முறை, ஏனெனில் அவர் அடிக்கடி இறங்கப்போவது அந்த நீரில்தான்; குவாரியை அவர் பருவமழைக்காலத்தின் மாற்றிடமாக வைத்துக்கொள்ளலாம். கடலுக்குத் தொலைவில் வாழ்ந்து, மாதம் ஓரிரு முறையாவது டைவ் செய்ய விரும்புகிறவருக்கும், பிற்காலத்தில் கப்பற்சிதைவு, ஆழ்நீர், மீட்புப் பணி என்று போக எண்ணுகிறவருக்கும் குவாரியே என் விடை, அதில் எனக்குத் தயக்கமில்லை. சான்றிதழ் ஒன்றுதான் என்றாலும், 28 டிகிரித் தெளிந்த நீரில் அதைப் பெற்றவர் 6 டிகிரி இருட்டில் பயிற்றுநர் இல்லாமல் துணையோடு மட்டும் இறங்கத் தகுதியானவர் அல்லர். அவர் மீண்டும் ஒரு பயிற்றுநரோடு தொடங்க வேண்டும். மறுதிசையில் மாற்றம் எளிது, ஆனால் தானாக நடப்பதில்லை: குவாரியில் தேர்ந்தவரும் முதல் கடல் டைவில் ஈயத்தின் எடையைப் புதிதாகச் சோதிக்க வேண்டும், நீரோட்டத்தையும் படகையும் உள்ளூர் வழிகாட்டியிடமிருந்து தொடக்கநிலை மாணவரின் பணிவோடு கற்க வேண்டும்.

குவாரி என்று முடிவெடுத்தவர் இடத்தைப் பதிவு செய்யுமுன் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். பயிற்சி மேடைகள் எந்த ஆழத்தில் உள்ளன, அந்த மாதத்தில் அந்த ஆழத்தின் வெப்பநிலை என்ன, வாடகை ரெகுலேட்டர் குளிர்நீருக்கு ஏற்றதா, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர் என்பவை முதலாவது. குவாரி கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல் இருந்தால், மேற்பரப்பில் காற்றழுத்தம் குறைவு என்பதால் டைவ் கம்ப்யூட்டரும் அட்டவணைகளும் அதற்கேற்ப மாற்றப்பட வேண்டும். அதையும் கேட்க வேண்டும். வாரநாள் காலையில் முதல் குழுவாக இறங்க முடியுமானால் நீர் தெளிவாக இருக்கும். வேறொரு ஏரியில் பயன்படுத்திய உடையையும் கருவிகளையும் கழுவி, முழுதும் உலர்த்திய பின்பே கொண்டுவர வேண்டும் என்று பல மையங்கள் கட்டாயப்படுத்துகின்றன, ஏனெனில் வரிச்சிப்பி போன்ற அயல் உயிரினங்களின் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் ஈரமான வெட்சூட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த நீர்நிலைக்கும் போய்விடுகின்றன.